பெங்களூரிலிருந்து சிட்னிக்கு அம்மாவை எந்த வழியாக அனுப்புவது?

சிட்னியில் இருக்கும் என் தங்கைக்கு நவம்பரில் பிரசவம். அக்டோபர் கடைசியில் அம்மா இங்கிருந்து கிளம்பி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை அங்கே இருந்துவிட்டு மே மாதம் திரும்ப வேண்டும் என்பது வீட்டில் முடிவாகிவிட்டது. எந்த விமானத்தில், எந்த ஊர் வழியாக என்பதில்தான் மூன்று வாரங்களாகப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் தேய்மானமும் சர்க்கரையும் உண்டு. தமிழ் சரளமாக வாசிப்பார், அல்சூரில் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியதால் கன்னடமும் பேசுவார், ஆங்கிலம் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு சரி. போகும்போது துணைக்கு யாரும் இல்லை. இந்த நிலையில் பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்துக்கும் சிட்னி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி எழுவதை அறிவேன்; அவர்களுக்கும் இது பயன்படலாம்.

தூரத்தைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் முதல் நாளே மாறியது. நேரடி விமானம் என்றால் தூரம் குறைவு, வேறு ஊரில் இறங்கி ஏறினால் சுற்றுவழி என்றுதான் நினைத்திருந்தேன். பூமி உருண்டையின் மேல் பெங்களூரில் ஒரு விரலையும் சிட்னியில் ஒரு விரலையும் வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 9,350 கிலோமீட்டர். அந்தக் கணக்குக் கோடு, பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் தொடங்கித் தென்கிழக்காகச் சரிந்து, திருவண்ணாமலையை ஒட்டிச் சென்று, கடலூர் அருகே வங்கக் கடலுக்குள் இறங்குகிறது. பிறகு சுமத்திராவுக்கு மேற்கே நிலநடுக்கோட்டைக் கடந்து, ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேலாகச் சென்று, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் போர்ட் ஹெட்லண்டுக்கும் புரூமுக்கும் இடையில் தரையைத் தொட்டு, அந்தக் கண்டத்தையே மூலைக்கு மூலை குறுக்காக வெட்டிக்கொண்டு சிட்னியை அடைகிறது. உண்மையில் பறக்கும் விமானம் காற்றையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் பொறுத்து இந்தக் கோட்டிலிருந்து விலகிப் போகும் என்றாலும், எந்த வழி எவ்வளவு சுற்று என்பதை அளக்க இதுவே அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற வழிகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் வியப்பு. பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,180 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து சிட்னி 6,290 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 9,470 சொச்சம். கோலாலம்பூர் வழியாக 2,880-உம் 6,590-உம், அதுவும் 9,470. கொழும்பு வழியாக 710-உம் 8,760-உம், அதுவும் 9,470. மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தள்ளி இருந்தும், நேர்வழியை விட ஒவ்வொன்றும் கூட்டுவது 120 கிலோமீட்டர் அளவுதான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது எட்டு நிமிடப் பயணம். எனவே இந்த மூன்றில் எதையும் தூரத்தைக் காரணம் காட்டி ஒதுக்க முடியாது.

தூரத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடியவையும் உண்டு. பாங்காக் வழி பத்தாயிரம் கிலோமீட்டரைத் தொடுகிறது, இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஹாங்காங் வழி 11,350 ஆகிறது, அதாவது இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதல். டெல்லிக்குப் போய் அங்கிருந்து சிட்னிக்கு நேரடி விமானம் பிடித்தால் முதலில் 1,700 கிலோமீட்டர் வடக்கே போய், பிறகு 10,430 கிலோமீட்டர் கீழே வர வேண்டும். உள்நாட்டு விமானத்திலிருந்து பன்னாட்டு விமானத்துக்கு மாறுவது நம் நாட்டுக்குள்ளேயே நடக்கிறது என்ற ஆறுதல் அதில் இருந்தாலும், 2,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்று ஒரு முழங்கால் நோயாளிக்குத் தேவையில்லை. துபாய் வழியாகப் போவது முதலில் மேற்கே போய், பிறகு வந்த திசையிலேயே திரும்பிக் கிழக்கே போவதாகும். மொத்தம் 14,700 கிலோமீட்டருக்கு மேல். பயணச்சீட்டு விலை குறைவாகத் தென்படும் நாட்களில் இந்த வழியைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். இருபத்தைந்து வயது மாணவருக்கு அது சரி. என் அம்மாவுக்கு அதை எண்ணிப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏற்றிவிடலாமே என்று பெரியம்மா வீட்டில் சொன்னார்கள். சென்னையிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரிலோ வேறெங்கோ இறங்கித்தான் ஏற வேண்டும். அதற்காக 360 கிலோமீட்டர் ரயிலில் போவதில் பொருளில்லை என்பதால் அந்தப் பேச்சை அன்றே முடித்துக்கொண்டோம்.

அடுத்து, நேரம். 9,350 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் பத்து மணி இருபது நிமிடம் சொச்சம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், இறங்கும் முன் வட்டமிடுவதும் சேர்ந்து, பெங்களூரிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானத்தின் பயண நேரம் பதினொன்றரை மணியை ஒட்டி இருக்கும். திரும்பி வரும்போது இதே தூரத்துக்கு ஒரு மணி நேரம்வரை கூடுதலாகலாம். ஆஸ்திரேலியாவின் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அறைகிறது என்பதே காரணம். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தக் காற்று வலுவாக இருக்கும். அம்மா திரும்பும் மே மாதத்தில் அந்தக் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருக்கும் என்பதால், வரும் பயணத்தை நீளமானதாகவே கணக்கில் வைத்துக்கொண்டோம்.

பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் மணிகளைப் பார்த்துப் பயண நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. மாலை 6.30-க்குக் கிளம்பி மறுநாள் முற்பகல் 11.30-க்கு இறங்குகிறது என்றால், பதினேழு மணி நேரம் விமானத்திலேயே உட்கார வேண்டுமா என்று அம்மா பதறிப்போனார். இரண்டும் அந்தந்த ஊர் மணி. சிட்னி நம்மை விட நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் மாத முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் மாத முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவார்கள் என்பதால் அந்த நாட்களில் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அம்மா போவது அந்தக் காலத்தில்தான்; பதினேழிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் பதினொன்றரை மணி. திரும்புவது மே மாதம் என்பதால் அப்போது நான்கரையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே ஊருக்குப் போகவும் வரவும் இரண்டு வேறு கணக்குகள் என்பதை ஒரு தாளில் எழுதி, நாட்காட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். (பிரிஸ்பேனில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தை நகர்த்துவதே இல்லை.)

இனி வழிகளைப் பார்ப்போம்.

குவாண்டாஸ் நிறுவனம் பெங்களூருக்கும் சிட்னிக்கும் இடையே நேரடி விமானத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அதற்கு முன் நேரடி விமானம் கிடையாது என்பதால், இங்குள்ள தமிழ், கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் அதைப் பெரிய வசதியாக வரவேற்றன. ஏர்பஸ் ஏ330 வகை விமானம். தொடங்கியபோது வாரத்துக்கு நான்கு முறை பறந்தது. மாலையில் இங்கிருந்து கிளம்பி, இரவைக் கடலின் மேல் கழித்து, மறுநாள் பகலில் சிட்னியில் இறங்கும் அமைப்பு அம்மாவைப் போன்றவர்களுக்கு மூன்று வகையில் பொருந்துகிறது.

முதலாவது, அல்சூரிலிருந்து தேவனஹள்ளி வரை போவது. பயணிகள் விமானங்கள் பழைய ஹெச்ஏஎல் விமான நிலையத்திலிருந்து பறந்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடுவோம். 2008 மே மாதம் புதிய விமான நிலையம் திறந்த பிறகு அது முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமாகிவிட்டது, ஹெப்பாள் மேம்பாலத்தில் மாலை நேரத்தில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரமும் ஆகும். மாலை ஆறரை மணி விமானத்துக்கு மூன்றரை மணிக்கு அங்கே இருந்தால் போதும், இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அலுவலகக் கூட்டம் சாலைக்கு வருவதற்குள் ஹெப்பாளைத் தாண்டிவிடலாம். இரவு பதினோரு மணி விமானம் என்றால் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதுதான் நெரிசலின் உச்சம். இரண்டாவது, அம்மா வழக்கமாகத் தூங்கும் நேரமும் விமானத்தில் விளக்கை அணைக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இடையூறில்லாமல் ஐந்தாறு மணி நேரம் கண்ணயரலாம். மூன்றாவது, சிட்னியில் பகலில் இறங்குவதால் மாப்பிள்ளை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வென்ட்வொர்த்வில் வீட்டுக்கு அழைத்துப் போக முடியும்; நிறைமாதமாக இருக்கும் தங்கை விடியற்காலையில் எழுந்து பரபரக்க வேண்டியதில்லை.

இந்த வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே இருக்கையில் பதினொன்றரை மணி நேரம் என்பது தேய்ந்த முழங்காலுக்கு எளிதன்று. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. அது ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பயப்படத் தேவையில்லை, ஆனால் நடமாட வேண்டும். ஆகவே நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டிப் பிடித்துவிடுவதை விருப்பமாகக் கருதாமல் கட்டாயமாகக் கருதினேன். இன்னொரு குறை, பயணச்சீட்டு விலை. நான் பார்த்த நாட்களிலெல்லாம் சிங்கப்பூர், கோலாலம்பூர் வழிகளை விட நேரடி விமானம் கூடுதலாகவே இருந்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை என்பதால் அந்த வாரங்களில் எல்லா வழிகளிலும் விலை ஏறும். அக்டோபர் கடைசியில் போவதால் எங்களுக்கு அந்தச் சுமை இல்லை. மூன்றாவது குறைதான் எனக்குக் கவலை தந்தது. நேரடி விமானம் ஏதோ காரணத்தால் ரத்தானால் அதே வழியில் அடுத்த விமானம் அன்றைக்கே இருக்காது. சிங்கப்பூர் வழியில் ஒன்று போனால் சில மணி நேரத்தில் மற்றொன்று வரும்.

சிங்கப்பூர் வழிக்கு வருகிறேன். வீட்டில் பெரும்பாலானோர் இதற்குத்தான் வாக்களித்தார்கள். நானும் முதலில் இந்தப் பக்கமே சாய்ந்தேன். காரணம் எளிது: நம் நாட்டுக்கு வெளியே இவ்வளவு தமிழ் இருக்கும் பெரிய விமான நிலையங்கள் மிகக் குறைவு. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அறிவிப்புப் பலகைகள் பலவற்றில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். வழி தவறி நிற்கும் ஒரு முதியவர் தமிழில் கேட்டால் பதில் சொல்ல யாரேனும் ஒரு பணியாளர் இருப்பார் என்று நம்பிப் போகலாம். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை ஆங்கிலம் தெரிந்த நாம் அவ்வளவு எளிதில் உணர்வதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அதுவரை பயணப் பேச்சு வந்தாலே அடுப்படிக்குப் போய்விடுபவர், உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

பயணத்தை இரண்டாகப் பிரிப்பதும் முழங்காலுக்கு நல்லது. பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கரை மணி, அங்கிருந்து சிட்னி எட்டு மணிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் மூன்று முதல் நான்கு மணி நேரம் இடைவெளி வைத்துப் பதிவு செய்தால் மொத்தம் பதினைந்து, பதினாறு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். நேரடி விமானத்தை விட மூன்றரை முதல் நான்கரை மணி நேரம் கூடுதல். ஆனால் அந்தக் கூடுதல் நேரம் எந்த வேளையில் விழுகிறது என்று பார்த்தபோது என் சாய்வு குறைந்தது. பெங்களூரிலிருந்து இரவில் கிளம்பும் விமானத்தில் ஏறியதும் சாப்பாடு வரும், இறங்கும் முன் சிற்றுண்டி வரும். நான்கரை மணி நேரத்தில் இவை போக மிஞ்சுவது இரண்டரை மணி நேரத் தூக்கம். சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே விடியற்காலை, அம்மாவின் உடம்புக்கோ மூன்று, நான்கு மணி. பாதித் தூக்கத்தில் எழுந்து, சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று தெரியாமல், கைப்பையையும் கடவுச்சீட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டு அடுத்த வாயிலைத் தேடும் வேளை அது. பகல் விமானத்தில் போனால் சிங்கப்பூரில் மாலையில் இறங்கி, இரவு விமானம் பிடித்து, காலையில் சிட்னியை அடையலாம். தூங்குவதற்கு இது நன்று, ஆனால் இடைவெளி நீண்டுவிடுகிறது.

சிட்னியின் இரவுத் தடையும் இதில் குறுக்கிடுகிறது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே பயணிகள் ஜெட் விமானங்கள் ஏறி இறங்க, சில விலக்குகள் நீங்கலாக, சட்டப்படி அனுமதி இல்லை. 1995-இல் இயற்றிய சட்டம் அது. சுற்றிலும் குடியிருப்புகள் இருப்பதால் மக்களின் தூக்கத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. ஆகவே சிங்கப்பூரிலிருந்து வரும் விமானங்கள் விடிந்த பின்னோ மாலையிலோ இறங்கும்படிதான் நேரம் குறிக்கப்படுகின்றன. மாலை விமானம் வெகுவாகத் தாமதமானால் புறப்பாடே மறுநாளைக்குத் தள்ளிப்போகவும் கூடும். ஒரு முதியவர் தனியாகச் செல்லும் பயணத்தில், இரவு எட்டு மணிக்கு மேல் சிட்னியில் இறங்கும் இணைப்பைத் தவிர்த்துவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

சக்கர நாற்காலி உதவியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் எல்லா விமான நிலையங்களிலும் கிடைக்கும். அம்மா முழுக்க நடக்க முடியாதவர் அல்லர் என்றாலும் கேட்பதில் தயக்கம் காட்டத் தேவையில்லை. நேரடி வழியில் இரண்டே முறை கைமாற்றம்: இங்கே ஒருவர் கொண்டுபோய் விமானத்தில் விடுகிறார், அங்கே ஒருவர் குடியேற்றச் சோதனை வழியாக வெளியே அழைத்து வருகிறார். இடையில் ஓர் ஊர் வந்தால் இறங்கும் வாயிலில் ஒருவர், காத்திருக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டு அவர் போவது, மறுபடி ஒருவர் வந்து அழைத்துச் செல்வது என்று கைமாற்றங்கள் பெருகுகின்றன. தவறு நேர்வது பெரும்பாலும் அந்த நடுக் காத்திருப்பில்தான். அம்மாவின் தோழி ஒருவரை, வேறொரு நாட்டின் விமான நிலையத்தில், இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கழிப்பறைக்கு எழுந்து போனால் அழைக்க வருபவர் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்து அவர் அசையாமலே இருந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து இந்தக் கைமாற்றங்களின் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் எண்ணுகிறேன்.

கோலாலம்பூர் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. நேரமும் தூரமும் சிங்கப்பூரைப் போலவே. பணியாளர்களில் தமிழர்களைச் சந்திப்பதும் அரிதன்று. விலை குறைவான நிறுவனங்கள் இந்த வழியில் இருப்பது இதன் கவர்ச்சி, அதுவே இதன் ஆபத்தும்.

அந்த ஆபத்து, தனித்தனிச் சீட்டு. இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டிகளும் இங்கே போட்டால் சிட்னியில் எடுத்துக்கொள்ளலாம். விலை குறைகிறதே என்று இரண்டு சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் நடுவில் குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டி வரலாம். சிங்கப்பூரில் அப்படி வெளியே வர, சில விலக்குகள் நீங்கலாக, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டும். எங்கள் சித்தப்பா சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் போனார். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது, இரண்டாவது போய்விட்டது, புதிய சீட்டுக்கு அவர் கொடுத்த பணம் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று பங்கு. பெரியவர்களை அனுப்பும்போது இந்த மிச்சத்துக்கு ஆசைப்படவே கூடாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

கொழும்பு வழியை நான் ஆசையோடுதான் ஆராய்ந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் பலகைகள் உண்டு. ஸ்ரீலங்கன் விமானத்தில் ஏறும்போதே வணக்கம் சொல்லி வரவேற்கிறார்கள். தமிழ் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் சிங்கப்பூருக்கு இது இணை. ஆனால் பயணம் பிரியும் இடம் சரியில்லை. பெங்களூரிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். உட்கார்ந்து பெல்ட் போட்டுச் சற்றுச் சாய்வதற்குள் இறங்க வேண்டும். அடுத்தது பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட தொடர் பயணம். நடுவில் இறங்கி ஏறும் தொல்லை முழுதாகவும், பயணத்தை இரண்டாகப் பிரிக்கும் பலன் ஏறக்குறைய இல்லாமலும் இருப்பது இந்த வழியின் குறை. கொழும்பிலிருந்து சிட்னிக்கு எல்லா நாட்களிலும் விமானம் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உறவினர் இருந்து, இரண்டு நாள் தங்கிப் போக நினைப்பவர்களுக்கு இதைப் போல நல்ல வழி வேறில்லை. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை.

எந்த வழியில் போனாலும் மாறாத ஒன்று, சாமான். பிரசவ லேகியம் இல்லாமல் அம்மா கிளம்பப் போவதில்லை. அது திரவ, பசை வகைக்குள் வருவதால் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் வைக்க முடியாது. செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். சிட்னியில் இறங்கியதும் உணவுப் பொருள் கொண்டுவந்திருப்பதைத் தெரிவித்துவிட வேண்டும். நெய்யும் தேனும் சேர்ந்த பொருள் என்பதால் அதிகாரிகள் எடுத்துப் பார்ப்பார்கள், அனுமதிக்காமலும் போகலாம். தெரிவித்த பொருளை எடுத்துக்கொள்வார்களே தவிர அதற்காகத் தண்டம் விதிக்க மாட்டார்கள்; மறைத்தால்தான் தண்டம். கறிவேப்பிலைக் கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். சாங்கியில் விமானம் ஏறும் வாயிலிலேயே மறுபடி பாதுகாப்புச் சோதனை இருப்பதால், அங்கே இறங்கிய பின் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியும் காலியாகும். நேரடி வழியில் இந்தத் தொல்லை ஒரு முறையோடு முடிகிறது.

இவ்வளவையும் பார்த்த பின் போகும் பயணத்துக்கு நேரடி விமானத்தையே எடுத்தோம். கூடுதலாகக் கொடுத்த பணம், நடு இரவில் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்தை இல்லாமலாக்குவதற்காக என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது அது கூடுதலாகத் தெரியவில்லை. நடைபாதை ஓர இருக்கை, சைவ உணவு, சக்கர நாற்காலி மூன்றையும் பதிவின்போதே கேட்டாயிற்று. ஒரு தாளில் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலுமாக எட்டு வரிகள் எழுதியிருக்கிறேன்: எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போட வேண்டும், சாப்பாடு எப்போது வரும், எழுந்து நடக்க உதவுங்கள் என்பன போன்றவை. அம்மா தமிழ் வரியைப் படித்து அதற்கு நேர் எதிரே இருக்கும் வரியை விரலால் காட்டினால் போதும்.

திரும்பும் பயணத்துக்கு வேறு முடிவு. மே மாதம் தங்கையும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு அம்மாவுடன் வருகிறார்கள். துணை இருக்கிறது, காற்றுக்கு எதிரே போவதால் நேரடி விமானத்தில் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டலாம், ஆறு மாதக் குழந்தையை அவ்வளவு நேரம் மடியில் வைத்திருப்பது மூவருக்கும் கடினம். ஆகவே அப்போது சிங்கப்பூர் வழி. காலையில் சிட்னியில் கிளம்பி, பிற்பகலில் சாங்கியில் இறங்கி, நான்கு மணி நேர இடைவெளியில் குழந்தையைக் கீழே விட்டு, கை கால் நீட்டி, சாப்பிட்டுவிட்டு இரவு பெங்களூருக்கு வரும் இணைப்பாகப் பார்த்து, நான்கு பேருக்கும் ஒரே பிஎன்ஆரில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வழியில் தமிழ்ப் பலகைகளை நின்று படித்துப் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.